கேட்டெழுதுவோருக்கு ஓர் எழுதுபெட்டி

கணினியில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் பற்றித் தமிழில் வருபவை பெரும்பாலும் வாசிப்பைப் பற்றியவை. விழிப்புலனற்றவர் செய்தி கேட்கிறார், பாடநூல் கேட்கிறார் என்று சொல்லி மகிழ்ந்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறோம். அவர் எழுதவும் வேண்டியவர் என்ற நினைப்பு நமக்குத் தாமதமாகத்தான் வருகிறது. விண்ணப்பம், முறைப்பாடு, ஒப்படை, கட்டுரை, மொழிபெயர்ப்பு என்று எழுத்து வேலை எதுவானாலும் கடந்த இருபது ஆண்டுகளில் அது மெல்ல மெல்ல உலாவிக்குள் குடிபெயர்ந்துவிட்டது. முன்பு கணினியில் ஒரு மென்பொருளை நிறுவி எழுதினோம். இன்று ஒரு முகவரியைத் திறந்து, அங்கே இருக்கும் எடிட்டரில் எழுதுகிறோம். அந்த எடிட்டர் காதால் எழுதுபவருக்கு எவ்வளவு தூரம் வழிவிடுகிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

யாழ்ப்பாணத் தீவகத்துக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் போக வேலணை, பண்ணைப் பாலம் என்று பஸ் ஏறவேண்டும். நெடுந்தீவார் குறிகட்டுவானுக்கு வந்துசேரவே ஏறக்குறைய ஒரு மணிநேரப் படகு. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. இங்குள்ள ஒரு விழிப்புலனற்ற பட்டதாரியை எண்ணிப் பாருங்கள். வீட்டிலிருந்தபடி மெய்ப்புப் பார்க்கலாம், மொழிபெயர்க்கலாம், செய்தி எழுதலாம். எல்லாவற்றுக்கும் வாசல் உலாவியில் ஓர் எடிட்டர். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகள் 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழைத் தொடங்கியபோது இதழாசிரியரின் வேலை கையெழுத்துப் படியும் அச்சுப் புரூவுமாக இருந்தது. இன்று அதே வேலையை அதே கரம்பனில் இருந்துகொண்டு உலகத்துக்கே செய்யலாம், எடிட்டர் ஒத்துழைத்தால்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர் ஏதோ ஒரு வலுவிழப்புடன் வாழ்ந்தனர். அதாவது ஏறக்குறைய 16 இலட்சம் பேர். அவர்களில் பார்வைச் சிரமம் உள்ளவர்களே மிகப் பெரிய பிரிவினர். எல்லோரும் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்கள் அல்லர். ஆயினும் இது ஒதுக்குப்புறத்துச் சிலரின் பிரச்சினை என்று யாரும் சொல்ல முடியாது.

திரைவாசிப்பான் உண்மையில் திரையை வாசிப்பதில்லை. உலாவி தான் காட்டும் பக்கத்துக்கு இணையாக, ‘இது தலைப்பு, இது பொத்தான், இது எழுதும் இடம், கர்சர் இப்போது இங்கே நிற்கிறது’ என்று சொல்லும் ஓர் அணுகுதன்மை மரத்தை இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. திரைவாசிப்பான் அதைத்தான் கேட்டுச் சொல்கிறது. மரத்தில் இல்லாதது காதுக்கும் இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அழகான எழுதுபலகையாகத் தெரிவது அந்த மரத்தில் பெயரற்ற வெற்றுப் பெட்டியாக இருக்கலாம். இணைய எடிட்டர்களின் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

ஆரம்பத்தில் பிரச்சினை இருக்கவில்லை. எச்டிஎம்எல் தந்த வெற்று எழுதுபெட்டியை உலாவியே நடத்தியது. கர்சர் எங்கே, எந்த எழுத்து அழிந்தது, எது தெரிவானது என்பதெல்லாம் தானாகவே திரைவாசிப்பானுக்குப் போய்ச் சேர்ந்தன. அதில் தடித்த எழுத்து இல்லை, படம் இல்லை, அட்டவணை இல்லை. அவை வேண்டுமென்ற ஆசையில் 2000ஆம் ஆண்டில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5 பக்கத்தின் எந்தப் பகுதியையும் எழுதக்கூடியதாக மாற்றும் வசதியைக் கொண்டுவந்தது. மற்ற உலாவிகளும் பின்தொடர்ந்தன. 2003இல் எப்சிகே எடிட்டர், 2004இல் டைனிஎம்சிஇ என்று அதன்மேல் கட்டப்பட்டவை வந்தன. இந்த முறையில் உரை இன்னமும் பக்கத்தில் உண்மையாகவே இருக்கிறது. ஆகவே சிறிது கவனம் எடுத்தால் காதுக்கும் எட்டும்.

அடுத்த தலைமுறை உலாவியை நம்பவில்லை. நிரல் எழுதுவதற்கான எடிட்டர்கள் பலவும் வரிகளைத் தாமே வரைந்தன. விசைகளைப் பிடிக்க மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு எழுதுபெட்டியை ஒளித்து வைத்தன. திரைவாசிப்பானுக்கு அந்தச் சிறு பெட்டி மட்டுமே தெரியும். கோட்மிரர் 5 அப்படிப்பட்டது: நூறு வரி எழுதியிருந்தாலும் காதுக்கு வருவது துண்டு துணுக்குத்தான். மைக்ரோசொப்டின் மொனாக்கோ எடிட்டர் கர்சரைச் சுற்றியுள்ள வரிகளை அந்த ஒளித்த பெட்டிக்குள் நிரப்பி நிலைமையைச் சமாளித்தது. கோட்மிரர் 6 உலாவியின் சொந்த எழுதும் வசதிக்கே திரும்பிப் போனது; அந்தத் திரும்பலுக்கு அணுகுதன்மையும் ஒரு காரணம். கூகிள் டொக்ஸ் எதிர்த்திசையில் நடந்தது. 2010இல் சொந்த எழுத்தடுக்கு முறைக்கு மாறியது. 2021 மே மாதத்தில் உரையை முழுவதும் ஓவியப் பலகையில் வரையப் போவதாக அறிவித்தது. ஓவியத்தில் எழுத்து இல்லை, நிறப்புள்ளிகள் மட்டுமே. ஆகவே திரைவாசிப்பானுக்கென்று பின்னால் தனியே உரையைத் தயாரித்து ஊட்டவேண்டியிருக்கிறது. பயனரும் கன்ட்ரோல், ஓல்ட், இசட் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி அந்த ஆதரவை இயக்கவேண்டும். கூகிளிடம் இதற்கென்று ஆட்படை இருக்கிறது. அதைப் பார்த்துத் தாமும் ஓவியப் பலகையில் எடிட்டர் கட்டப் புறப்படும் சிறு நிறுவனங்களிடம் அது இல்லை.

இனி ஒரு சிறு காட்சி. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை இயக்கி, சரியாகப் பெயரிடப்படாத ஓர் எடிட்டருக்கு வருகிறார் ஒருவர். என்விடிஏக்கு இரண்டு நிலைகள் உண்டு. உலாவும் நிலையில் ஒவ்வொரு விசையும் பக்கத்தில் எதையாவது தேடும் கட்டளை. எழுதும் நிலையில்தான் விசை எழுத்தாகும். எழுதுமிடம் என்று எடிட்டர் தன்னை அறிவித்தால் நிலை தானாக மாறும். இந்த எடிட்டர் அறிவிக்கவில்லை. அவர் ஆங்கில ஒலிப்பு முறையில் ‘தமிழ்’ என்று தட்டத் தொடங்குகிறார். டி விசை அடுத்த அட்டவணையைத் தேடுகிறது. ஏ விசை குறிப்புரையைத் தேடுகிறது. எம் விசை சட்டகத்தை. ஐ விசை பட்டியலின் அடுத்த உருப்படியை. ஒவ்வொன்றுக்கும் ‘அடுத்தது இல்லை’ என்ற பதில் காதில் விழுகிறது. எடிட்டரில் ஓர் எழுத்துக்கூட விழவில்லை. இதைத் தீர்க்க நிரலாளர் செய்யவேண்டியது ஒரே வரி: இது பலவரி எழுதுமிடம் என்று, பக்கத்தின் உறுப்புகளைத் திரைவாசிப்பானுக்கு அடையாளம் காட்டும் அரியா குறிப்பில் சொல்வது. அரியாவின் முதற்பதிப்பு 2014 மார்ச்சில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் முறையான பரிந்துரையாகியது. அந்த ஒரு வரி இல்லாத எடிட்டர்களை இன்றும் காணலாம் என்பதுதான் எரிச்சலூட்டுவது.

உள்ளே நுழைந்தாயிற்று, வெளியே வருவது எப்படி? விசைப்பலகையை மட்டும் நம்புபவர் டாப் விசையால் நகர்கிறார். எடிட்டரோ அந்த விசையை இடைவெளிவிட எடுத்துக்கொள்கிறது. உள்ளே மாட்டிக்கொண்டவர் ‘அனுப்பு’ பொத்தானை அடைவதே இல்லை. இணைய உள்ளடக்க அணுகுதன்மை நெறிகள் இத்தகைய பொறியை அடிப்படைக் குற்றமாகவே வைத்திருக்கின்றன. நிரல் எடிட்டரான விஎஸ் கோட்டில் கன்ட்ரோலும் எம்மும், கோட்மிரர் 6இல் எஸ்கேப்புக்குப் பிறகு டாப் என்று வெளியேறும் வழிகள் உண்டு. டைனிஎம்சிஇயிலும் எப்சிகே எடிட்டரின் வழிவந்த சிகே எடிட்டரிலும் ஓல்ட்டும் எப்10உம் அழுத்தினால் கருவிப்பட்டைக்குப் போகலாம். ஓல்ட்டும் சுழியமும் உதவிப் பக்கத்தைத் திறக்கும். வழி இருப்பதை யார் சொல்வது? கண்ணுக்கு அடிக்குறிப்பாகத் தெரியும் தகவல் காதுக்கு வரவேண்டுமானால் எழுதுமிடத்தின் விவரிப்பிலேயே அதைச் சேர்க்கவேண்டும்.

பேசாமை ஒரு குறை என்றால் ஓயாமல் பேசுவது இன்னொன்று. ‘சேமிக்கப்பட்டது’ என்ற அறிவிப்பைச் சில செக்கனுக்கு ஒருமுறை உரத்துச் சொல்லும் எடிட்டரில் தட்டிய எழுத்தின் ஒலி அமுங்கிப் போகும். அரியாவில் பணிவாகச் சொல், குறுக்கிட்டுச் சொல் என்று இரண்டு வகை இருக்கின்றன. நிரலாளர்கள் ஏனோ இரண்டாவதையே விரும்புகிறார்கள். கூட்டாக எழுதுவது இன்னும் சிக்கல். யார் எதைச் சேர்த்தார், எதை வெட்டினார் என்பது நிறத்தால் மட்டுமே காட்டப்பட்டால் விழிப்புலனற்ற இதழாசிரியருக்கு அது இல்லாத தகவல். சேர்ப்புக்கும் நீக்கத்துக்கும் அரியா 1.2இல் தனிப் பெயர்கள் கிடைத்தது 2023இல்தான்.

இக்களத்தில் பெரிய பாடம் வேர்ட்பிரஸ் தந்தது. தமிழில் சிறு பத்திரிகைகளும் வலைப்பூக்களும் பல அதில் தங்கியிருக்கின்றன. பழைய எடிட்டரை நீக்கிவிட்டு, கட்டம் கட்டமாக எழுதும் கூட்டன்பர்க் எடிட்டரை 2018 டிசம்பர் 6ஆம் தேதி 5.0 பதிப்பில் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே ஒக்டோபரில் அணுகுதன்மைக் குழுவின் தலைவர் ரியன் ரீட்வெல்ட் விலகிக்கொண்டார். உயர்கல்வி நிறுவனங்களில் வேர்ட்பிரஸ் பயன்படுத்துவோரின் அமைப்பான டபிள்யூபிகேம்பஸ் பணம் திரட்டி டெனன் நிறுவனத்தைக் கொண்டு தணிக்கை செய்வித்தது. 2019 மே மாதம் வெளியான அறிக்கை 300 பக்கங்களைத் தாண்டியது. பின்னர் பல குறைகள் திருத்தப்பட்டன. ஆனாலும் கட்டிய பிறகு திருத்துவது எவ்வளவு செலவான வேலை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அங்கே உண்மையில் உதவியது பழைய எடிட்டரைச் செருகுநிரலாக வைத்திருக்க விட்டதுதான். எளிய வழியை மூடாமல் வைத்திருந்ததே அந்தத் திட்டத்தின் புத்திசாலித்தனமான முடிவு.

இவ்வளவும் எந்த மொழிக்காரருக்கும் பொது. தமிழில் எழுதுபவருக்கு இதன்மேல் வேறு அடுக்குகள் இருக்கின்றன; ஆங்கிலத்தில் எழுதப்படும் அணுகுதன்மை நூல்களில் அவற்றுக்கு இடமே இல்லை.

முதலாவது பாமினி. யாழ்ப்பாணத்துக் கொமினிக்கேசன் கடைகளிலும் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இந்த எழுத்துரு வேரூன்றியிருக்கிறது. அதில் ‘தமிழ்’ என்று கண்ணுக்குத் தெரியும் சொல் கணினிக்குள் நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு நிறுத்தக்குறியும். திரைவாசிப்பான் சொல்வது: ஜே, கே, பி, ஓ, செமிகோலன். ஒரு சுற்றுநிருபம் முழுவதும் இப்படியே வந்தால் அதை இணைய எடிட்டரில் ஒட்டித் திருத்துவது எப்படி? இதற்கு மருந்து கண்டவர்களில் நம்மவர் ஒருவரும் உண்டு. ஜேர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் செயலி, பாமினி முதலிய பழைய குறியேற்றங்களை ஒருங்குறிக்கு மாற்றும். மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி. அலங்காரம் எதுவுமில்லாத அந்தப் பெட்டிகளில் திரைவாசிப்பானுக்குப் புரியாதது ஒன்றுமில்லை. இன்றைய பளபளப்பான பல எடிட்டர்களைவிட இருபது ஆண்டு பழைய அந்தப் பக்கம் காதுக்கு இணக்கமானது.

இரண்டாவது தட்டச்சு. விண்டோஸிலோ எ-கலப்பை போன்ற மென்பொருளிலோ தமிழ் விசைப்பலகையைப் போட்டுக்கொண்டால் எழுத்து தமிழாகவே எடிட்டருக்குள் போகும். பக்கத்துக்குள்ளேயே ஆங்கில எழுத்தைத் தமிழாக மாற்றும் எடிட்டர்களில் நிலைமை வேறு. கே தட்டினால் ‘க்’, ஏ தட்டினால் அது ‘க’ என்று மாறுகிறது. திரைவாசிப்பான் எதிரொலிப்பது தட்டிய விசையை. பெட்டியில் உண்மையில் என்ன உருவானது என்பது தெரியாது. சில எடிட்டர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெட்டியின் உள்ளடக்கம் முழுவதையும் திரும்ப எழுதுவதால் நடுவில் திருத்தப் போனவரின் கர்சர் கடைசிக்குத் தாவிவிடும். அன்ட்ரொய்ட் போன்களில் இன்னொரு வேடிக்கை: எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை உலாவி பெரும்பாலும் பக்கத்துக்குச் சொல்வதே இல்லை. விசையை நம்பிக் கட்டிய மாற்றிகள் அங்கே செயலிழக்கின்றன. தீவகத்தில் பலருக்குக் கைத்தொலைபேசிதான் கணினி என்பதை மறந்துவிடக்கூடாது.

மூன்றாவது எழுத்தின் அளவு. ‘கொ’ நமக்கு ஓர் எழுத்து. ஒருங்குறியில் ககரமும் உயிர்க்குறியுமாக இரண்டு. ‘ஸ்ரீ’ நான்கு. உயிர்மெய்யை ஒரே அலகாக எண்ணவேண்டும் என்பதற்கு ஒருங்குறியின் நெறியே தமிழின் ‘நி’யை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறது. எடிட்டரின் கணக்கும் திரைவாசிப்பானின் கணக்கும் ஒத்துப்போகாத இடத்தில் அம்புக்குறி ‘கொ’வைத் தாண்டும், காதில் ‘க’ மட்டும் விழும். அழிப்பு விசையோ பெரும்பாலும் குறியை மட்டும் அழித்துக் ககரத்தை விட்டுவைக்கும். பார்ப்பவர் அதைக் கண்டுகொண்டு இன்னொரு முறை அழுத்துவார். கேட்பவருக்கு என்ன மிஞ்சியது என்று எடிட்டர் சொல்லவேண்டும். உலாவியின் சொந்தப் பெட்டி இதை ஓரளவு ஒழுங்காகச் செய்கிறது. தாமே கர்சரை நடத்தும் எடிட்டர்கள் ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கப்பட்டவை. தமிழில் அவை தடுக்கி விழுவது இங்கேதான்.

நான்காவது குரல். என்விடிஏவுடன் வரும் இஸ்பீக் தமிழ் பேசும், இயந்திரத் தொனியில். விண்டோஸில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரல் இருக்கிறது. 2022இல் அப்பிள் தமிழ்க் குரல் ஒன்றைச் சேர்த்தது. இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என்ற இரு குரல்களை மைக்ரோசொப்ட் தந்திருக்கிறது. அவை இணைப்பை நம்பியவை, ஒரு பக்கத்தை வாசிக்கக் கேட்க நல்லவை, எழுத்துக்கு எழுத்து உடனுக்குடன் ஒலிக்கவேண்டிய தட்டச்சுக்கு உதவா. எந்தக் குரலானாலும் ‘ன’வும் ‘ண’வும், ‘ர’வும் ‘ற’வும் நம்மில் பலரின் வாயில் போலவே ஒன்றாகிவிடுகின்றன. மெய்ப்புப் பார்ப்பவருக்கு இது உயிர்நிலைச் சிக்கல். என்விடிஏவில் எண்பலகையின் 2ஐ மூன்று முறை விரைவாக அழுத்தினால் கர்சர் நிற்கும் எழுத்தின் குறியெண் வரும். எண்ணை மனப்பாடம் செய்தவர்களுக்கு அது போதும். எழுத்துப்பிழையை எடிட்டர் சிவப்புக் கோட்டால் மட்டும் காட்டாமல் பிழையென்று மரத்திலும் குறித்தால், உலாவும் நிலையில் டபிள்யூ விசையால் பிழையிலிருந்து பிழைக்குத் தாவலாம். தமிழ்ப் பிழைதிருத்திகளைச் செய்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது.

குரல்வழித் தட்டச்சு வந்துவிட்டதே, இனி எடிட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2017 ஓகஸ்டில் கூகிள் தமிழுக்கு அதைத் தந்தது பெரிய உதவிதான். அன்ட்ரொய்டின் திரைவாசிப்பானான டோக்பக் இயங்கும் போனில் செய்தி அனுப்பப் பலர் அதையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் சொல்லியது தவறாக எழுதப்பட்டால் திருத்தப் போகவேண்டிய இடம் அதே எடிட்டர். அதோடு எல்லா எழுத்தும் வீட்டார் காதுபட உரத்துச் சொல்லத்தக்கதல்ல.

வேறொரு பாதையும் இருக்கிறது. புனேயில் பிறந்து பதினான்கு வயதில் பார்வை இழந்த டி. வி. ராமன் 1990களின் நடுவில், ஈமாக்ஸ் என்ற எடிட்டரைப் பேசவைக்கும் ஈமாக்ஸ்பீக்கை உருவாக்கினார். திரையில் தெரிவதை இன்னொரு மென்பொருள் எட்டிப்பார்த்துச் சொல்வதை விட்டு, எழுதும் மென்பொருளே பேசவேண்டும் என்பது அவர் கொள்கை. நிரலில் குறிப்புரை ஒரு குரலில், கட்டளைச்சொல் இன்னொரு குரலில் வரும். எடிட்டருக்கே உரையின் பொருள் தெரியும் என்பதால் இது முடிகிறது. இந்த வழியில் நடந்தவர்கள் மிகச் சிலரே. காரணமும் தெளிவு: எல்லா மென்பொருளும் தனித்தனியே பேசத் தொடங்கினால் பயனர் ஒவ்வொன்றின் பேச்சையும் புதிதாகப் பழகவேண்டும். இருந்தும், நிறத்தால் சொல்வதைக் குரலால் சொல்லலாம் என்ற அவர் எண்ணம் இன்றைய இணைய எடிட்டர்களில் இன்னும் கால்வாசிகூட வந்துசேரவில்லை.

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2016 பெப்ரவரியில் இலங்கை, வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றுறுதி செய்தது; தகவல் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமை அதன் 9ஆம் உறுப்புரையில் உண்டு. எழுதும் கருவிகளுக்கென்றே டபிள்யூ3சி 2000இல் ஒரு நெறியை வெளியிட்டு, 2015 செப்டெம்பரில் ஏடாக் 2.0 என்று அதைப் புதுப்பித்தது. அதன் முதற்பாதி, கருவியை வலுவிழந்தோரும் பயன்படுத்தக்கூடியதாகச் செய்யச் சொல்கிறது. இரண்டாம் பாதி, அக்கருவியில் உருவாகும் உள்ளடக்கமும் அணுகத்தக்கதாக வர வழிகாட்டச் சொல்கிறது. விழிப்புலனற்றவரை வாசகராக மட்டும் நினைப்பவர்கள் இரண்டாம் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

தமிழில் முன்மாதிரி இல்லாமலில்லை. விக்கிப்பீடியா 2013இல் காட்சித் தொகுப்பியைக் கொண்டுவந்த பிறகும் பழைய எழுதுபெட்டியை நீக்கவில்லை. அதில் விக்கிக் குறிகளோடு எழுதுவது பார்ப்பவருக்குச் சலிப்பு. கேட்பவருக்குத் தடித்த எழுத்தும் தலைப்பும் இணைப்பும் காதில் விழும் குறிகளாக இருப்பது வசதி. தமிழகத்தில் பார்வையற்றவர்களே தொடங்கிய ‘விரல்மொழியர்’ மின்னிதழ், காதால் எழுதி, காதால் மெய்ப்புப் பார்த்து ஓர் இதழைக் கொண்டுவர முடியும் என்பதற்குச் சான்று.

ஆகவே என் தீர்ப்பு இது. தொண்ணூறு வீதமான வேலைக்கு உலாவியின் வெற்று எழுதுபெட்டி போதும். அதற்கு மேல் வேண்டுமானால் உலாவியின் சொந்த எழுதும் வசதிமேல் கட்டப்பட்ட, பலரும் சோதித்த எடிட்டரை எடுத்துக்கொள்ளலாம். ஓவியப் பலகையில் சொந்தமாக வரையும் துணிவு அதற்கான ஆளும் பணமும் உள்ளவர்களுக்கே. எந்த எடிட்டரை வைத்தாலும் பக்கத்தில் ‘எளிய பெட்டியில் எழுதுக’ என்று ஒரு மாற்றி இருக்கட்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்திருக்கட்டும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை உளறும், அல்லது வாய்மூடித் தாண்டிப்போகும்.

வடக்கில் இணையத்தளம் செய்யும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். என்விடிஏவுக்குக் காசு தேவையில்லை. விழிப்புலனற்ற இரு ஆஸ்திரேலியர், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேயும், 2006 முதல் வளர்த்தது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதை இயக்கி, திரையை அணைத்துவிட்டு, உங்கள் எடிட்டரில் தமிழில் ஒரு பந்தி எழுதுங்கள். நடுவில் ஒரு றகரத்தை ரகரமாகத் திருத்தி அனுப்புங்கள். முடிந்தால் வெளியிடுங்கள், முடியாவிட்டால் வெளியிடாதீர்கள். திணைக்களங்களும் பிரதேச செயலகங்களும் அடுத்த முறை தளம் செய்விக்கக் கேள்வி கோரும்போது, ஏடாக் 2.0க்கு அமையவேண்டும் என்ற நிபந்தனையைக் கேள்விப்பத்திரத்தில் சேர்க்கவேண்டும். வேலையைப் பொறுப்பேற்கும் நாளில் திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரை, கூலி கொடுத்து, பக்கத்தில் இருத்திச் சோதிக்கவேண்டும்.